சொந்த ஊர் எது என்று கேட்ட மகனுக்கு

நம் அறக்கட்டளையை என்ன செய்வது என்று கேட்டதற்கு "மூடிடுங்கம்மா" என்று நீ அனுப்பிய ஒற்றை வார்த்தைக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது. போனில் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் போனில் நீ "சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா" என்று கேட்டு முடிக்கிறாய். நான் அறக்கட்டளை என்று வாயெடுத்ததும் "சிக்னல் இல்லம்மா" என்கிறாய். சென்னைப் பட்டணத்தில் சிக்னல் கிடைக்காத ஒரே ஆள் நீதான். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, இது உனக்கு மட்டும் சொல்லவேண்டியது இல்லை என்று தோன்றியது. அதனால் நம் அறக்கட்டளையின் இந்த வருட அறிக்கைக்கு முன்னுரையாக இதையே போடப்போகிறேன். உன்னைச் சபையில் நிறுத்துகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நிறுத்துவது என்னைத்தான்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்கு மனப்பாடமானதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நான், கள்ளக்குறிச்சி கண்முன்னே வீங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், சிமெண்ட் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஆரம்பித்த வேலை இது. தண்ணீர் எங்கே வருகிறது, சாக்கடை எங்கே நிற்கிறது, கூலிக்காரர் எங்கே குடியிருக்கிறார், பஸ் யாருக்கு நிற்காமல் போகிறது என்று வருடத்துக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பொங்கல் கழிந்ததும் எது என்று முடிவு செய்வோம். வெயில் காலத்தில் தெருத் தெருவாக நடப்போம். மழையில் அதே தெருக்களில் மறுபடி நடப்போம், ஏனென்றால் கோடையில் எல்லாச் சாக்கடையும் யோக்கியமாகத்தான் இருக்கும். மார்கழியில் எழுதுவோம். அரசாங்கத்திடமும் காண்ட்ராக்டர்களிடமும் காசு வாங்குவதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளும் ஊரில் நாலு நல்லவர்களும் கொடுப்பதில் ஓடியது. கடைசியாக, அச்சுக்குப் போகும் முன், யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் தெருவிலேயே நின்று அதை உரக்க வாசிப்போம். பிடிக்காததை எடுத்துவிடு என்று யார் சொன்னாலும் எடுத்துவிடுவோம். இந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது உன் அப்பா கொடுத்தது. உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளிய மனிதர். "எங்க போவணும்னு கேட்டா மொறைப்பான். எந்த ஊருன்னு கேளு, கதையே சொல்லுவான்" என்பார். நான் முதன்முதலாகக் கணக்கெடுக்கப் போய், எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்ட கதையை அழாக்குறையாகச் சொன்னபோது சொன்னது அது. மறுநாளிலிருந்து முதல் கேள்வியை மாற்றினேன். உங்களுக்குச் சொந்த ஊர் எது? கேட்டதும் முகம் மாறும். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். அவர் போனபிறகு அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். நீ என்னோடு வேலைக்கு வந்தபோது உனக்கு நான் கொடுத்த முதல் பாடமும் அதுதான். நீ என்னைவிட நன்றாகக் கேட்டாய். உனக்கு உன் அப்பாவின் முகம்.

கரைத் தெருவுக்கு உன்னைத்தான் அனுப்பினேன். ஏரிக்கரையை ஒட்டி, தென்னங்கீற்றும் தகரமுமாக இருந்த அந்தத் தெருவில் பாதிப்பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கவும் கரும்பு வெட்டவும் கொத்தனாரோடு போகவும் வந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே காலம் கழித்தவர்கள். குழாய் கிடையாது. கழிப்பறை கிடையாது. அவர்களுக்குத் தண்ணீர் கொடு, இல்லையென்றால் நல்ல இடம் கொடு என்று கேட்பதற்காகத்தான் போன வருட அறிக்கையே எழுதினோம். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் நாலு வரி. யார் இருக்கிறார்கள், என்ன வேலை, எத்தனை காலமாக, எந்த ஊர். நீ கரையில் நின்று அதை வாசித்தபோது எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? மலை ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் வரும்போது ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல். அந்தத் தெருவில் எல்லாருக்கும் பெரியவள்போல நடந்துகொண்ட வெள்ளச்சி, தன் ஊரை நீ சரியாக உச்சரிக்கவில்லை என்று மறுபடி மறுபடி சொல்லவைத்தாள். அவள் நிஜப்பெயர் அது இல்லை. யாரென்று உனக்குத் தெரியும். அன்று யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

இத்தனை வருடம் அறிக்கை போட்டு, கல்யாண மண்டபத்துச் சின்ன ஹாலில் போண்டாவும் டீயும் கொடுத்து வெளியிட்டு, அலுவலகங்களுக்கும் நூலகத்துக்கும் கவுன்சிலர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு ஜீவன்கூட அதைக் கடைசிவரை படித்ததாக எனக்குத் தெரியாது. ஒருமுறை ஓர் அலுவலக ஜன்னலில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நம் அறிக்கையைச் செருகியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். யாராவது ஒருத்தர் முழுசாகப் படிக்க மாட்டார்களா என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். போன வருடத்து அறிக்கையைப் படித்தார்கள்.

ஏரியை மீட்க உத்தரவு வந்து, வீடுகளை எடுக்கவேண்டும், வீடு இழந்தவர்களுக்கு மாற்று இடம் என்று முடிவானபோது, நாம் கேட்டதில் பாதியாவது கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். மாற்று இடம் பெறுகிறவர்களின் பட்டியல் வந்தபோது மலைக்காரர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. நீதான் கேட்கப் போனாய். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை என்று நீயே சொன்னாய். உனக்கு நாற்காலி கொடுத்து, நம் அறிக்கையை எடுத்து, பக்கத்தில் பச்சைக் காகிதம் ஒட்டிவைத்திருந்த இடத்தைத் திறந்து, "தம்பி, இவங்களுக்கு மலை மேல ஊரு இருக்குன்னு நீங்கதான எழுதிக் குடுத்துக்கிறீங்க? ஊரு இருக்கிறவனுக்கு நான் எப்படி எடம் குடுக்க முடியும்?" என்றாராம். வாடகைக்குப் போக வழியில்லாதவர்கள், ரேஷன் கார்டுகூட மலையிலேயே இருந்தவர்கள். எதிர்த்துச் சொல்ல அவர்களிடம் ஒரு காகிதம் இல்லை. இருந்த ஒரே காகிதம் நம்முடையது. அது அந்தப் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

இடிக்க இயந்திரம் வந்த அன்று நீ அங்கே கட்டிலும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு ஓடினாய். நான் கரைமேல் நின்றேன். ஒரு குரல் கொடுக்கவில்லை. வெள்ளச்சி தன் வீட்டுத் தகரத்தை மட்டும் தானே கழற்றிக்கொள்கிறேன் என்று கேட்டு, கழற்றி, கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போனாள். அந்த வாரமே நீ சென்னைக்குப் போனாய். வேலை கிடைத்தது, நல்ல பெண் கிடைத்தாள், எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் ஏரிப் பக்கமாகப் போகும் சாலையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வருகிறாய். ஆட்டோக்காரர் சொன்னார். கேட்டது நீ என்பதால் பாவம் உன்னுடையது என்று நீ சுமந்துகொண்டு திரிகிறாய். அது உன்னுடையது இல்லையடா. அந்தக் கேள்வியை உன் வாயில் வைத்தவள் நான். கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வருடம் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி எடுத்தேன். நீ இல்லாததால் நானே நடந்தேன். முட்டி வலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். ஒரு சந்து. எந்தச் சந்து என்று சொல்ல மாட்டேன். முதல் வீட்டில் கேட்டேன், எந்த ஊரும்மா? "இதே ஊருதாங்க." சரி என்று எழுதினேன். அடுத்த வீட்டில், தைமாத ஆற்றுத் திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது கண் மின்ன ஒருத்தி பேசினாள். அந்தத் திருவிழா நடக்கும் மணலூர்பேட்டைக்காரி நான், அந்த ஆற்று மணலைப் பற்றிப் பேசுகிறவள் அங்கே பிறந்தவள் என்று எனக்குத் தெரியாதா? அவளும் "இதே ஊருதாங்க" என்றாள். அதற்கடுத்த வீடும் இதே ஊர். சந்து முழுக்க எல்லாரும் இதே ஊர். கடைசி வீட்டு வாசலில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. நான் அதன் அம்மாவைத்தான் கேட்டேன். குழந்தை முந்திக்கொண்டு, "எங்க ஊரு மேல, மலையில..." என்று ஆரம்பித்தது. அந்த அம்மா பாய்ந்து வந்து அதன் வாயைப் பொத்தினாள். "அது ஒளறுதுங்க. நாங்க இங்கியே பொறந்து வளந்தவங்க. எழுதிக்குங்க" என்றாள். குழந்தை அவள் கைக்குள்ளிருந்து என்னையே பார்த்தது. நான் யாரையாவது பயமுறுத்துவேன் என்று என் வாழ்நாளில் நினைத்ததில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் உன் வார்த்தை எனக்கு உறைத்தது. ஊர் நம்மிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நாம். மக்கள் வாய்திறந்து சொல்வதை நம்பித்தான் இந்த வேலையே நடந்தது. அது போனபின் மாடி அறையும் அலமாரியும் எதற்கு? மூடிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சிமெண்ட் கடைக்காரரிடம் சாவி கொடுப்பதைப் பற்றிப் பேசக்கூடச் செய்தேன். அவர் உடனே "சரிங்க டீச்சர்" என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வேறு வருத்தம்.

ஆனால் கரைத் தெருவுக்கு என்ன ஆனது என்று மட்டும் எழுதிவிட்டு மூடலாம் என்று இருந்தேன். எழுதினேன். எழுதியதைத் தெருவில் வாசிக்க வேண்டுமே, தெரு எங்கே இருக்கிறது? விசாரித்ததில் சிலர் கேரளாவுக்குப் போயிருந்தார்கள். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. வெள்ளச்சி மலையில் இருப்பதாகச் சொன்னார்கள். காலை பஸ்ஸைப் பிடித்தேன். வடக்கனந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த பெண் எலுமிச்சம்பழம் கொடுத்து, "எந்த ஊரு போறீங்க?" என்று கேட்டாள். பழத்தை முகர்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை ஏறிய பின் ஒரு ஜீப், பிறகு நடை. அவள் இப்போது இருக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை.

அப்பன் வீடு என்று அவள் சொன்னது அரைச் சுவர்தான். கூரை எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. கரைத் தெருவிலிருந்து கொண்டுபோன அதே தகரத்தை மேலே போட்டு, கல்லை ஏற்றி வைத்திருந்தாள். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, இங்கயும் கணக்கெடுக்க வந்துட்டீங்களா?" என்றாள். படிக்க வந்தேன் என்றேன். "படிங்க. கை வேலைக்கிதான் காது தேவயில்ல" என்றாள். நான் கீழே உட்கார்ந்து வாசித்தேன். நடுவில் ஒருமுறை அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைத்தாள். முடித்ததும் எதை எடுக்கவேண்டும் என்று வழக்கப்படி கேட்டேன்.

"நடந்தத எழுதிக்கிறீங்க. இருக்கட்டும். நாங்க எங்க கீறோம்ன்றத மட்டும் எடுத்துடுங்க. இதுவும் காட்டு எடம்னு ஒருத்தன் சொல்லிக்கினு திரியறான்."

அந்த வரிகளை அவள் கண்ணெதிரிலேயே பேனாவால் அடித்துவிட்டேன். அவள் கிழங்கை நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் புள்ள கேட்டப்ப நானும் இதே ஊருன்னு சொல்லியிருக்கலாம். மூணாவது வூட்டுக்காரி கண்ண காட்டனா, சொல்லாதன்னு. எனக்கு அவன் மொகத்தப் பாத்தா பொய் சொல்லத் தோணல."

இதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். உன்னைத் தேற்றுவதற்கு இது உதவாது. இன்னும் குத்தும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது அவள் உன்னிடம் சொல்லவேண்டியது, நான் நடுவில் நிறுத்திவைக்க முடியாது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தும் சொல்லவில்லை. உனக்குக் கல்யாணம் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "பொண்ணு எந்த..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சிரித்துவிட்டாள். "எனக்குப் பத்திரிக உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "எந்த அட்ரசுக்கு அனுப்புவீங்க டீச்சரம்மா?" அதற்கும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கீழே இறங்கும்போது முடிவு செய்தேன். மூடப்போவதில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. இந்த வயதில் இனி எங்கிருந்து வரும்? இப்போது மூடினால், பச்சைக் காகிதம் ஒட்டிய அந்தப் பக்கம்தான் நாம் கடைசியாகச் சொன்னதாக அந்த அலுவலகத்தில் நிற்கும். அதற்கு மேல் இன்னொரு பக்கத்தை வைக்காமல் என்னால் சாவியைக் கொடுக்க முடியாது. யாராவது படிப்பார்களா என்று கேட்டால், தெரியாது. கரைத் தெரு திரும்பி வருமா என்றால், வராது. இனி வீட்டு வாசலில் நின்று யாரையும் ஊர் கேட்க மாட்டோம். அந்தச் சந்தில் அவர்கள் சொன்னபடியே எல்லாரும் இதே ஊர் என்றுதான் இந்த வருட அறிக்கையில் போடப்போகிறேன். பொய்யென்று தெரிந்தே ஒன்றை அச்சிடுவது எனக்கு இது முதல் தடவை. பூகோளம் நடத்தியவளுக்கு அது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் வாயைப் பொத்திய கையைப் பார்த்தபின் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அம்மாவாக ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? இதுதான் சொல்வேன். ஒருத்தியிடம் ஒன்றைக் கேட்கும் முன், அவள் உண்மையைச் சொன்னால் அது யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்துக் கேள். உன்னை நம்பி அவள் சொன்னதை, உன் அம்மாவிடம்கூட, ஏன் என்னிடம்தான் முக்கியமாக, எடுத்துவந்து வைக்காதே. எனக்கு எதைக் கேட்டாலும் எழுதிவைக்கும் வியாதி இருக்கிறது.

பத்திரிகை அடிக்க நம் அறிக்கை அடிக்கும் அதே அச்சகத்துக்குத்தான் போனேன். அச்சகக்காரர் கண்ணாடியை இறக்கி, "மாப்ள வூட்டுக்கு ஊரு இன்னா போடலாங்க?" என்றார். மணலூர்பேட்டை என்றேன். யோசிக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தபின்தான் கால் நின்றது. நான் மணலூர்பேட்டைக்காரி என்று ஆயிரம் பத்திரிகையில் அடித்து ஊரெல்லாம் கொடுக்கலாம். உனக்குத்தான் அங்கே ஊர் இருக்கிறதே என்று சொல்லி என் வீட்டை இடிக்க யாரும் வரமாட்டார்கள். உண்மை பேசுவதற்கு எனக்கு வசதி இருந்திருக்கிறது. அதை நான் என் நல்ல குணம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வசதி இல்லாதவர்களிடம் போய் நின்றுகொண்டு, சிரித்த முகமாக, உண்மையைக் கேட்டிருக்கிறேன்.

நேற்றுப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக் கவரில் போட்டேன். முதல் கவர் சாமிக்கு. இரண்டாவது அவளுக்கு. பெயரை எழுதி, கீழே கரைத் தெரு, கள்ளக்குறிச்சி என்று எழுதியிருக்கிறேன். அந்த முகவரியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. நீ வந்து அவளிடம் எடுத்துக்கொண்டு போ.